ஊருக்கு வந்த தொழில்



ஊரைவிட்டுப் போனவனின் கதையை எங்கள் இலக்கியம் நிறையவே சொல்லியிருக்கிறது. கொழும்புக்குப் போனவன், மலாயாவுக்குப் போனவன், பின்னாளில் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவன். அவனுக்காகக் காத்திருக்கும் தாய், அவன் அனுப்பும் கடிதம், அவன் வராமலே விற்கப்படும் காணி. இவற்றைத் தொடாத எழுத்தாளர் எங்களிற் குறைவு. ஆனால் போனவன் திரும்பி வந்தான், வரும்போது தன் தொழிலையும் கொண்டுவந்தான் என்ற கதை அரிது. அத்தகைய ஒரு வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது கற்பனையன்று. தமிழ்நாட்டில், எங்கள் காலத்தில் நடப்பது.

ஸ்ரீதர் வேம்பு 1968 இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் சென்னை உயர் நீதிமன்றத்திற் சுருக்கெழுத்தாளர். மகனுடைய பாடசாலைக் கல்வி தமிழ்மொழி மூலம் நடந்தது. 1989 இல் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் மின்பொறியியற் பட்டம். 1994 இல் அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம். அதன்பின் குவால்கொம் நிறுவனத்திற் பொறியியலாளர் வேலை. இதுவரை எங்களுக்குப் பழக்கமான கதைதான். கெட்டிக்காரப் பிள்ளை படித்தான், பறந்தான்.

1996 இல் கதை திரும்புகிறது. சகோதரர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து 'அட்வென்ற்நெற்' என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்யும் கம்பனிகளுக்குத் தேவையான மென்பொருளைச் சென்னையில் எழுதி அமெரிக்காவில் விற்றார்கள். 2001 அளவில் அந்தச் சந்தை சரிந்தது. வாடிக்கையாளர்கள் பலர் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போயினர்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் வெளி முதலீட்டாளரின் பணத்தில் நடக்கவில்லை. ஆகவே உடனே இலாபம் காட்டு, அல்லது மூடு என்று கட்டளையிட மேலே ஒருவரும் இருக்கவில்லை. இருந்த பொறியியலாளர்களை வைத்தே வேறு பொருள்களைச் செய்தார்கள். 2005 இல் சோஹோ என்ற பெயரில், இணையத்திலேயே கடிதம் எழுதவும் ஆவணம் தயாரிக்கவும் உதவும் மென்பொருள்கள் வரத் தொடங்கின. 2009 இல் நிறுவனத்தின் பெயரே சோஹோ ஆயிற்று. 2023 இல் அதன் பயனர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது.

எனினும் என்னைக் கவர்ந்தது இந்தப் 10 கோடியன்று. 2005 இல் அவர்கள் தொடங்கிய பள்ளியில் முதலிற் சேர்ந்த ஆறு பிள்ளைகளே என்னைக் கவர்ந்தவர்கள். பல்கலைக்கழகப் புள்ளிக்கும் வேலைத் திறனுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதைத் தமது ஊழியர்களிடமே வேம்பு கண்டிருந்தார். எனவே பள்ளிப் படிப்பை மட்டும் முடித்த பிள்ளைகளை எடுத்துக் கணிதம், ஆங்கிலம், நிரலெழுத்து ஆகியவற்றைக் கற்பித்தார்கள். கட்டணம் இல்லை. மாறாக, படிக்கும் பிள்ளைக்கு மாதந்தோறும் உதவிப்பணம் கொடுத்தார்கள். வறிய வீட்டுக்கு இதன் பொருள் தெரியும். படிக்கும் காலத்திற் பிள்ளை உழைக்கவில்லையே என்ற ஏக்கம் அந்த வீட்டில் இல்லாமற் போகிறது.

2011 இல் தென்காசியில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தார்கள். 2019 இல் வேம்பு தாமே அமெரிக்காவை விட்டுத் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்திற் குடியேறினார். 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது ஊர்ச் சிறுவர் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அது பின்னர் இலவசப் பாடசாலையாக வளர்ந்தது. 2021 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2025 ஜனவரியிற் பிரதம நிறைவேற்று அதிகாரிப் பதவியை விட்டு, நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியானார்.

இவரை ஒரு தெய்வமாக்க நான் வரவில்லை. அவர் பொதுவெளியிற் சொல்லும் கருத்துகள் சில கடும் விமர்சனத்துக்கு உள்ளானவை. தென்காசிக்கு முன்னர் சென்னையில் பதினைந்து ஆண்டு உழைப்பு இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கிராமம் தானாக வளர்ந்துவிடவில்லை. நகரத்தில் ஈட்டியதைக் கொண்டு ஒருவர் பொறுமையோடு வளர்த்தார்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1990 களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியிற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கைத்திறனை இன்றும் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அதை ஒரு கல்வியாக யாரும் எண்ணவில்லை. சைக்கிள் கடைப் பொடியனை அழைத்து, உனக்குக் கணிதம் கற்பிக்கிறோம், வா, சம்பளமும் தருகிறோம் என்று சொன்னவர் யார்?

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மின்சாரமும் இணையமும் வந்துவிட்டன. ஆயினும் பட்டம் பெற்ற பிள்ளை ஏ-9 வீதியாற் கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து விமானம் ஏறுகிறது. உயர்தரத்தில் வெட்டுப்புள்ளியைச் சில தசமங்களாலே தவறவிட்ட பிள்ளைக்கோ அந்த வழியும் இல்லை. முகவருக்குக் கொடுக்கக் காணி ஈடு வைக்கப்படுகிறது.

புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறார்கள், பாடசாலைக்கு வளைவு கட்டித் தருகிறார்கள். நன்றியோடு ஏற்கிறோம். இனி அவர்களிடம் வேறொன்றும் கேட்போம். வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு, மாத உதவிப்பணத்தோடு ஒரு தொழிலைக் கற்பியுங்கள். பின்னர் நீங்கள் அங்கே செய்யும் வேலையில் ஒரு பகுதியை அவர்களிடம் கொடுங்கள். வளைவுக்குத் திறப்புவிழா உண்டு. இதற்கு இல்லை. ஆனால் மாலையில் அந்த ஆறு பிள்ளைகளும் தத்தம் வீட்டுக்கே திரும்பி வருவார்கள்.