படிவத்தில் வரும் பிழை யாருடையது?

(மொரப்பூரில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் துறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொன்னார். பெரிய விஷயம் எதுவும் நான் பேசப் போவதில்லை. விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும், அதை ஏற்றுகிற கம்ப்யூட்டர் திரையைப் பற்றியும்தான் பேசப் போகிறேன்.

உங்களில் பலர் ரயிலில் வந்து நம் மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கியிருப்பீர்கள். ரயில்வே முன்பதிவுப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி எண், பயணத் தேதி, வகுப்பு, எங்கிருந்து எங்கே, பிறகு பயணிகளின் பெயர், ஆண்-பெண், வயது. ஒரு படிவத்தில் 6 பேர் வரை எழுதலாம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி இடம். நீங்கள் டாக்டராக இருந்தால் ஒரு டிக் போடுங்கள், அவசரத்துக்கு உதவலாம் என்று மேலேயே ஒரு கட்டம். 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்' என்று கீழே ஒரு பகுதி. கேட்க வேண்டியதைக் கேட்கிறது, வேண்டாததைக் கேட்பதில்லை. அதனால்தான் படிக்காதவர்கூட பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட முடிகிறது.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

1995-ம் வருஷம். படிப்பு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. டிபேஸ் என்ற மென்பொருளில் டேட்டா என்ட்ரி திரையை நான்தான் எழுதினேன். திரையில் 'பிறந்த தேதி' என்று ஒரே ஒரு கட்டம், நடுவில் இரண்டு சாய்வுக் கோடுகள். அவ்வளவுதான். எது நாள், எது மாதம் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

டிபேஸ் அமெரிக்கர்கள் செய்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எடுத்துக்கொள்ளும். 'செட் டேட் பிரிட்டிஷ்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நம் வழக்கப்படி மாறியிருக்கும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

24-3-1940 என்று அடித்தால் 24-வது மாதம் கிடையாதே, 'இன்வேலிட் டேட்' என்று திரை கத்தும். அடிக்கிற பெண்கள் உடனே மாற்றி அடித்துவிடுவார்கள். அது சரியாகிவிட்டது. ஆனால் நாள் 12-க்குள் இருந்த தேதிகளை இயந்திரம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. கத்தின பிழையால் யாருக்கும் கெடுதல் இல்லை. கத்தாத பிழைதான் ஆளை விழுங்கியது.

மறு வருஷம் ஒரு பெரியவர் தேடிக்கொண்டு வந்தார். 1-10-1938-ல் பிறந்தவர். நம் கம்ப்யூட்டரில் அது 1938 ஜனவரி 10 ஆகிவிட்டது. 58 வயது முடிந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்து, 1996 ஜனவரியோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதத்துக்கும் மேல் வேலை பாக்கி இருந்தது.

"கண்ணு, நான் புரட்டாசி சனிக்கிழமையில பொறந்தவன். அதான் எனக்குப் பெருமாள் பேரே வெச்சாங்க. உங்க மிஷினு என்னை மார்கழியில பொறந்தவன்னு சொல்லுதாமே? எங்கம்மா பொய் சொல்லுமா?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அலுவலகத்தில் அவரிடம், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுய்யா, நீங்கதான் தப்பா எழுதிக் கொடுத்திருப்பீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பழைய பேரேட்டைத் தேடி எடுத்து, கையெழுத்து வாங்கி, அவரை மறுபடி வேலையில் சேர்க்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் அவர் வீட்டில் சம்பளம் இல்லை. தவறு என்னுடையது, தண்டனை அவருக்கு.

அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பலர் ஒரே இடத்தில் தவறாக எழுதினால், அது எழுதினவர் பிழை என்று சொல்லக் கூடாது. அந்தக் கட்டத்தை வரைந்தவர் பிழை. தேதிக்கு மூன்று கட்டம் போடுங்கள். மேலே நாள், மாதம், வருஷம் என்று எழுதுங்கள். மாதத்தை எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. வருஷத்துக்கு நான்கு இலக்கம் வேண்டும்.

அடுத்து பெயர். நமக்கு இனிஷியலும் பெயரும்தான். குடும்பப் பெயர் என்று பெரும்பாலோருக்குக் கிடையாது. 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று திரை கேட்டால் நம் பிள்ளை என்ன செய்யும்? ஒரு இடத்தில் அப்பா பெயரை முன்னால் போடும், இன்னொரு இடத்தில் பின்னால் போடும். மார்க் ஷீட்டில் ஒரு விதம், பான் கார்டில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். வேலைக்குப் போகும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். 'சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயர்' என்று ஒரே கட்டமாகக் கேட்டாலே பாதி அலைச்சல் தீரும்.

எண்களைப் பாருங்கள். ஆதார் எண் 12 இலக்கம். நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்டிருப்பதால் கண்ணுக்குச் சுலபம். கடைசி இலக்கம் மற்ற 11-ஐயும் கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் மாறினாலும் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். அதைப் போய் 'ஓ' என்று அடிப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறெதுவும் வராது என்னும்போது, திரையே அதைத் திருத்திக்கொள்ளலாமே? ஆளைத் திட்டுவானேன்?

எச்சரிக்கை போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் 2005 டிசம்பர் 8-ம் தேதி, மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்கச் சொன்னதை, 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாக அடித்துவிட்டார்கள். திரை எச்சரித்தது. இதுபோல் அடிக்கடி வருவதுதானே என்று தள்ளிவிட்டுப் போனார்கள். நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். எதற்கெடுத்தாலும் கத்துகிற நாய் திருடன் வரும்போது கத்தினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளைக்கு இப்படிப்பட்ட திரைகளை எழுதுவீர்கள். இன்னும் சிலர் இ-சேவை மையத்திலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து அவற்றில் அடிப்பீர்கள். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரையை முடித்ததும் உங்கள் நண்பனிடம் காட்டாதீர்கள். உங்கள் அம்மாவையோ பக்கத்து வீட்டுத் தாத்தாவையோ உட்கார வைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் தப்பு இருக்கிறது.

அடிக்கிறவர்களுக்கும் ஒன்று: அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், எதிரே நிற்பவருக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "ஐயா, 1938 அக்டோபர் ஒண்ணாந்தேதி, சரிங்களா?" என்று கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. அன்றைக்கு அந்தப் பெரியவரை யாராவது அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் வீட்டு அடுப்பு மூன்று மாதமும் எரிந்திருக்கும்.