மண்ணில் தங்கும் செம்பு



நாம் உண்ணும் சோறு செரிப்பதற்கு உடலில் நொதிகள் துணைபுரிகின்றன என்று படித்திருப்பீர்கள். மண்ணுக்கும் அத்தகைய நொதிகள் உண்டு. உதிர்ந்த சருகையும் இட்ட எருவையும் சிதைத்துப் பயிருக்கு உணவாக்குபவை அவையே. உழவர் இடும் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவது யூரியேஸ் என்னும் நொதி. 1926-இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க அறிஞர் இந்நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதமே என்று காட்டினார்.

இந்நொதிகளுக்கு வந்துள்ள இடையூறு ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடிச்சாம்பல் நோய் பாழாக்கியது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளித்தால் அந்நோய் அடங்கும் என்று மில்லார்தே என்னும் அறிஞர் 1885-இல் அறிவித்தார். அதுவே போர்டோக் கலவை. கொடிகள் பிழைத்தன. நம் நாட்டுக் காப்பித் தோட்டங்களும் அதனால் பயன் பெற்றன.

ஆனால், மயில்துத்தத்திலுள்ள செம்பு ஒரு தனிமம். பூச்சிமருந்துகள் பலவற்றை நுண்ணுயிர்கள் நாளடைவில் சிதைத்துவிடும். தனிமத்தைச் சிதைக்க எவ்வுயிராலும் இயலாது. மழை கழுவிய செம்பு மேல்மண்ணிலேயே தங்கி, ஆண்டுதோறும் பெருகுகிறது. நொதிப் புரதத்தில் கந்தகம் அமைந்த இடங்களை அது பற்றிக்கொள்கிறது. பாதரசமும் காட்மியமும் செய்வது இதுவே. பூட்டின் துளையில் மெழுகை அடைத்தபின் சாவி நுழையுமா? நொதியும் அவ்வாறே செயலிழக்கிறது. நொதிகளை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் குன்றுகின்றன.

இதனை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே காணலாம். நிறமற்ற டெட்ரசோலியம் உப்பை உயிருள்ள மண்ணோடு சேர்த்து வைத்தால், டிஹைட்ரோஜினேஸ் நொதிகளின் செயலால் அது சிவக்கும். நஞ்சேறிய மண்ணில் அச்சிவப்பு வெளிறிவிடும்.

அப்படியானால் செம்பை அறவே விலக்கலாமா? பயிருக்கும் சிறிதளவு செம்பு வேண்டும். நோயைத் தடுக்காவிடில் உழவர் குடும்பம் எதை உண்ணும்? அளவறிதலே வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வகுத்த விதி, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோகிராமுக்கு மேல் செம்பு இடலாகாது என்றது. மக்கிய எருவும் செம்பைப் பிணைத்து அதன் கொடுமையைத் தணிக்கும்.

எனவே, கலவையைத் தெளிக்கும் முன், மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு செம்பு உள்ளது என்று ஆராய்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்று காக்கும் கொடி நாளையும் அம்மண்ணிலேதான் வேரூன்ற வேண்டும்.