மலையின் படமும் மக்களின் முகமும்

ஊவா மலைநாட்டுக்கு உலாச் சென்று மீண்டோரின் நிழற்பட ஏட்டில் மூன்று காட்சிகள் பெரும்பாலும் இடம்பெறும். பதுளைக்கு அண்மையில் புகையென நீர்த்துளி எழ வீழும் துன்கிந்த அருவி ஒன்று. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் மற்றொன்று. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன தோட்டத்தின் உச்சியிலே, தோமஸ் லிப்டன் அமர்ந்து நோக்கியதாகக் கூறப்படும் இடத்திலிருந்து தோன்றும் தேயிலைப் பசுமை பிறிதொன்று.

காடழித்து, கான் வெட்டி, கன்று நட்டு, தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் ஆக்கிய காட்சியே அப்பசுமை. ஆயினும் படத்திலே அவர்கள் சிறு புள்ளிகளாகவே தோன்றுகின்றனர்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயன் வீடுகள் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வருவதற்கோ வீடு இல்லை. பெற்றோரின் முகம் காட்டும் படம் ஏதேனும் வீட்டிலே இருந்திருப்பின், அதுவும் மண்ணோடு போயிருக்கும்.

ஆதலின், ஊவாவுக்குச் செல்லும் அன்பர்கள், கொழுந்து பறிப்போரின் இசைவு பெற்று அவர்களையும் படம் எடுங்கள். பெயரும் தோட்டமும் நாளும் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை மறவாது அவர்களுக்கு அனுப்புங்கள். அதனைப் போற்றி வைக்க அவ்வீட்டிலே பிள்ளைகள் இருப்பர்.