இலக்கு யாருடையது? நிறுவன மென்பொருளும் தமிழ்ச் சொல்லும்



மொழி மன்றத்தின் மேடையில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று சிலருக்கு ஐயம் எழலாம். ஊழியர்களின் இலக்குகளைப் பதிந்து, அவை எவ்வளவு நிறைவேறின என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் இன்று பல நிறுவனங்களில் உள்ளன. அத்தகைய ஒன்றை வாங்கித் தன் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் நிறுவனம் செய்வது பாதி பொறியியல்; மறுபாதி சொல்லாராய்ச்சி. அந்த மறுபாதியைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

இலக்கை முன்வைத்து நிர்வாகம் செய்யும் முறையைப் பீட்டர் டிரக்கர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதற்குப் புதுவடிவம் தந்தார். குறிக்கோள் ஒன்று, அதனை அளந்து காட்டும் முடிவுகள் சில என்பது அவ்வடிவம். இன்டெலில் பணியாற்றிய ஜான் டோர் 1999ஆம் ஆண்டில் அம்முறையைக் கூகுளுக்குக் கொண்டு சென்றார். இன்று விற்பனையாகும் மென்பொருள்கள் பல இம்மரபில் வந்தவை. ஆதலால் அவை பிறர் வீட்டுப் பழக்கங்களையும் உடன் சுமந்து வருகின்றன. கூகுளில் 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுவர், 0.6 அல்லது 0.7 பெற்றாலே நன்று என்பர். அரிய இலக்கை எட்ட முயல்வோருக்கு அது பொருந்தும். பாரந்தூக்கியைப் பாதுகாப்பாக இயக்குவதில் 0.7 பெற்றால் யார் மகிழ்வார்? ஓரிடத்தில் பச்சை நிறம் பெறத்தக்க எண், மற்றோரிடத்தில் சிவப்பு நிறம் பெற வேண்டியதாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மொழியியல், ஆசிரியப் பணி, நிரலாக்கம் எனத் துறைக்கு ஒருவராக நாங்கள் மூவர் ஒரு பணியை ஏற்றோம். சிங்கப்பூரில் கிடங்கு நடத்தும் ஒரு நிறுவனம் தன் இலக்கு மென்பொருளின் ஆங்கிலத் திரையைத் தமிழில் ஆக்கித் தருமாறு கேட்டது. அதன் ஊழியருள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர். சொற்பட்டியல் ஒன்றைத் தந்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எண்ணிச் சென்றோம். அவ்வாறு முடியவில்லை.

முதற்சிக்கல் வினைச்சொல்லில் இருந்தது. மாதந்தோறும் சேதமடையும் பெட்டிகளை 40இலிருந்து 10ஆகக் குறைக்க வேண்டும் என்பது ஓர் இலக்கு. எண்ணிக்கை 25ஆக இறங்கியபோது, மென்பொருள் 25ஐ 10ஆல் வகுத்து 250 விழுக்காடு வெற்றி என்று அறிவித்தது! குறைய வேண்டியவை 30, குறைந்தவை 15, ஆகவே பாதி வழியே வந்திருந்தனர். எந்த இலக்கையும் உயர்த்த வேண்டிய ஒன்றாகவே கொள்ளும் இயல்பமைப்பை யாரும் மாற்றவில்லை. மூத்த ஊழியர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: “ஏத்தணுமா, கொறைக்கணுமா, இப்படியே வச்சுக்கணுமா? அத மொதல்ல சொல்லுங்க சார்.” அமைப்புப் பக்கத்தில் இருக்க வேண்டிய மூன்று தெரிவுகளையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். விபத்தே நேராமல் காப்பது அவற்றுள் மூன்றாம் வகை. அதற்கு முன்னேற்ற விழுக்காடு என்று ஒன்று இல்லை; காத்தோமா, இல்லையா என்பதே கேள்வி.

இரண்டாம் சிக்கல் இலக்கணத்தில் இருந்தது. பெயருக்கு ஓர் இடத்தை வெற்றாக விட்டு, அதன்பின் ‘முடித்தார்’ என்று எழுதி வைத்திருந்தனர். அவ்விடத்தில் குழுவின் பெயர் வந்தால் ‘கிடங்குக் குழு முடித்தார்’ என்றாகிறது. பெயரோடு ‘இன்’ உருபை இயந்திரம் ஒட்டினால் ‘கலாவின்’ என்பது ‘கலாஇன்’ ஆகிறது. உருபும் வினைமுற்றும் வேண்டாத வடிவத்தை நாடினோம். ‘பொறுப்பாளர்: கலா’, ‘நிலை: நிறைவு’ என்று எழுதியதும் திணைச் சிக்கலும் புணர்ச்சிச் சிக்கலும் நீங்கின.

மூன்றாம் சிக்கல் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. முகப்பில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘எங்கள் இலக்குகள்’, ‘நமது இலக்குகள்’ என இரண்டு தமிழாக்கங்கள் உண்டு. கேட்பவரை விலக்குவது முன்னது, சேர்த்துக்கொள்வது பின்னது. மலாய் மொழியும் ‘காமி’, ‘கித்தா’ என்று இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. முன்பே யாரோ ‘எங்கள்’ என்று எழுதியிருந்தனர். பிழை என்று கருதி ‘நமது’ என மாற்ற முனைந்தோம். அப்போது நிரலர் அணுக்க உரிமைப் பட்டியலைத் திறந்து காட்டினார். இலக்கை வகுப்பவர் மேலாளர், திருத்துபவரும் மேலாளர். ஊழியர் அதைப் பார்க்கலாம். கருத்து எழுதவும் வழியில்லை. அப்படியானால், ‘எங்கள்’ என்பதே அங்கு உண்மையான சொல்!

ஆகவே நிர்வாகத்திடம் இவ்வாறு தெரிவித்தோம்: “சொல்லை மட்டும் மாற்றினால் திரை பொய் சொல்லும். உரிமையையும் மாற்றுங்கள், அன்றேல் இருக்கும் சொல்லையே விட்டுவையுங்கள்.” தயக்கத்திற்குப் பின் நிர்வாகம் பாதி இசைந்தது. குழு இலக்குகளில் ஊழியர் கருத்து எழுதவும் மாற்றம் முன்மொழியவும் வழி பிறந்தது. அப்பக்கத்தில் மட்டும் ‘நமது’ என்று எழுதினோம். தனிநபர் பக்கத்தில் எழுதவில்லை. அங்கு வந்த முதற்கருத்துகளுள் ஒன்று, பெட்டிகளை அளவுக்கு மீறி உயரமாக அடுக்குவதாலேயே கீழ்ப்பெட்டிகள் நசுங்குகின்றன என்பது. இலக்கை எட்டும் வழி, அந்நாள்வரை எழுத இடமில்லாதவர்களிடம் இருந்தது.

இப்பணியில் ஈடுபடவிருக்கும் இளையோர்க்கு எங்கள் வேண்டுகோள் இது. அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் முன், வேலை செய்பவரை அழைத்து, அவர்தம் இலக்கை அவர்தம் பேச்சுமொழியில் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் வரும் வினைச்சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவுமுறை அதிலிருந்து பிறக்கும். உரிமைப் பட்டியலைப் பார்த்த பின்னரே ‘நமது’ என்று எழுதுங்கள்.

‘நாம்’ என்னும் சொல் நம் மொழி நமக்குத் தந்த செல்வம். அதனை எழுதும் உரிமை, பிறரைச் சேர்த்துக்கொண்டவர்க்கே உண்டு.