விண்ணின் துடிப்பும் ஏட்டின் தலைப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நம் ஹட் பேயைச் சூறையாடியதை நாம் மறக்கவியலாது. வீடிழந்தோர் மீண்டும் வீடு கட்டலாம். நீரோடு போன சான்றிதழை மீட்பதோ அரிது. எழுதிவைத்த ஏட்டின் அருமை, அது இல்லாதபோதே விளங்குகிறது. வானாராய்ச்சிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

1967-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைத் தாளில் வரையும் கருவியைக் கண்காணித்து வந்தார். நாள்தோறும் 96 அடித் தாள்! அதில் கால் அங்குல அளவே ஒரு கிறுக்கல். பழைய தாள்களைப் புரட்டினார். வானின் அதே பகுதியில் முன்னரும் அது தோன்றியிருந்தது. விண்மீன்கள் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முந்தி உதிப்பதுபோல அதுவும் முந்தி வந்தது. ஆகவே அது ஊர் இரைச்சலன்று, வானின் குரலே எனத் தெளிந்தார். 1.337 விநாடிக்கொருமுறை துடிக்கும் அதுவே உலகம் கண்ட முதல் துடிவிண்மீன், அதாவது பல்சர். தாளில் காலமும் இடமும் தெளிவாக இராதிருப்பின், அக்கிறுக்கல் கிறுக்கலாகவே ஒழிந்திருக்கும்!

நம் தமிழ் மண்ணிலும் இத்துறை தழைத்தது. உதகைக்கருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய ரேடியோ தொலைநோக்கி எழுந்து, 1970-இல் இயங்கத் தொடங்கியது. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை, மலைச்சரிவும் அவ்வளவே. எனவே கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாய் அமைந்தது. நம் ஹட் பேயும் ஏறக்குறைய அதே அட்சரேகையில் உள்ளது. உதகையின் உச்சியில் செல்லும் விண்மீன்களே நம் தலைக்கு மேலும் செல்கின்றன.

இன்று ஆர்வலர்கள் சிலர் தம் சொந்த ஆன்டெனாவும் கணினியும் கொண்டே பல்சரைப் பிடிக்கின்றனர். வடவானின் வலிய பல்சர் ஒன்று 0.7145 விநாடிக்கொருமுறை துடிக்கிறது. தனித்துடிப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். சுமார் இரண்டு மணிநேரப் பதிவைத் துடிப்புக் காலத்தின் அளவில் துண்டுகளாக்கி, 10,000 துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால், இரைச்சலுக்கெதிரே துடிப்பு 100 மடங்கு மேலோங்கும். அதற்குள் கடிகாரம் விநாடியில் நூறிலொரு பங்கு பிழைத்தாலும் துடிப்பு மங்கிவிடும்.

ஆதலின் பதிவின் தலைப்பில் ஐந்து செய்திகள் வேண்டும்: தொடங்கிய நாளும் நேரமும், எண்ணுக்கும் எண்ணுக்கும் உள்ள கால இடைவெளி, கேட்ட அலைவரிசை, அதன் அகலம், எண்கள் எழுதப்பட்ட முறை. இவை இன்றேல், அரும்பாடுபட்டுத் திரட்டிய கோடி எண்களும் பிறர்க்கு வெறுங்குவியலே. இவை இருப்பின், நாம் காணாததை நாளை வேறொருவர் அதே ஏட்டில் காண்பார்.

மாணவச் செல்வங்களே! மழையளவாயினும், கடலின் ஏற்ற இறக்கமாயினும், எதை அளந்தாலும் முதலில் நாளையும் நேரத்தையும் எழுதுக. ஒரு படியை மேட்டுநிலத்தில் வைத்துக் காத்திடுக.