அறத்தொடு நிற்றலும் நட்பின் மறையும்



சுவாமிமலையின் அறுபது படிகளை ஏறிச் செல்வோர் அங்கே காண்பது தகப்பனுக்குக் குருவான சுவாமிநாதனை. பிரணவத்தின் பொருளை அவன் அவையறிய முழங்கவில்லை. மாணாக்கனாய்ப் பணிந்த தந்தையின் செவியில் உரைத்தான் என்கிறது தலபுராணம். மறைபொருள் தகுந்த செவிக்கே உரியது என்பது இத்தலத்தின் நெறி. நண்பர் ஒருவர் நம்பிச் சொன்ன செய்திக்கும் இந்நெறி எக்காலத்தும் பொருந்துமா? பொருந்தும் எனில், பிறர்க்கு உரைப்பவரெல்லாம் துரோகியரா?

காவிரி பாயும் மருத நிலத்தின் நடுவே இக்கட்டுமலையில் கோயில் கொண்டவன் குறிஞ்சிக் கடவுள். இவ்வினாவுக்குரிய விடையும் குறிஞ்சித் திணையிலேயே கிடைக்கிறது. தலைவியின் களவை முதலில் அறிந்தவள் தோழி. அதனை அவள் செவிலிக்கு வெளிப்படுத்துவதைக் காட்டிக்கொடுத்தல் என்று தமிழ் மரபு பெயரிடவில்லை. ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரிட்டது. தொல்காப்பியம் அதனை எழுவகையாகப் பகுக்கிறது. உண்மையை நேரே செப்புதல் அவ்வேழனுள் இறுதியாக நிற்கிறது.

தோழி எப்போது வாய் திறக்கிறாள்? தலைவி மெலிகிறாள், காரணம் அறியாத தாய் வேலனை அழைத்து வெறியாட்டெடுக்கிறாள். நோய் தந்தவன் முருகன் என்று பழி தெய்வத்தின் மேல் விழுகிறது. வேறொருவர்க்கு மணம் பேசவும் கூடும். அதுவரை காவலாக இருந்த மௌனம் அப்போது பொய்க்குத் துணையாகிறது. தலைவியின் உயிருக்கே ஊறாகிறது.

கபிலர் 261 அடிகளில் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இத்தகைய ஒரு தோழியின் கூற்றே. அதில் நான்கு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பெற்றோர்க்கு உரைப்பதில் பழியில்லை என்ற தலைவியின் மனத்தை அறிந்த பின்னரே அவள் பேசுகிறாள். இரண்டாவது, ஊரார்க்கு உரைக்கவில்லை. துயர் தீர்க்க வல்ல செவிலிக்கு மட்டும் உரைக்கிறாள். மூன்றாவது, பழியைத் தலைவிமேல் ஏற்றிவிட்டுத் தான் விலகவில்லை. துணிந்த செயலில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறாள். நான்காவது, அவளுக்கு மகிழ்ச்சியில்லை. பகைகொண்ட இரு வேந்தரிடையே நிற்கும் சான்றோரைப் போல, இருபுறமும் அஞ்சி நடுங்குகிறாள். இந்நடுக்கம் சிறிதும் இன்றி மறையை வெளியிடுவோர் நட்பின் பொருட்டுப் பேசுகின்றாரா என்பது ஐயத்திற்குரியது.

எழுதுவோர்க்கு இச்சோதனை இன்னும் கடுமையானது. கும்பகோணத்தில் வாழ்ந்த எம். வி. வெங்கட்ராம், தம் செவிகளில் ஓயாது ஒலித்த குரல்களின் கொடுமையைக் ‘காதுகள்’ நாவலாக்கினார். அதற்கு 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. எளிதில் மறைத்திருக்கலாம், எழுதினார். துன்பம் அவருடையது, வெளியிடும் உரிமையும் அவருடையது. நண்பரின் துன்பத்தை எழுதும் கவிஞருக்கு அவ்வுரிமை இல்லை. பெயரை மாற்றினாலும், ஊரை மாற்றினாலும், உரியவர் படிக்கும்போது தம்மை அறிந்துகொள்வார். கவிதை நன்றாக இருப்பது அவருக்கு ஆறுதலாகாது.

பத்தாண்டு நிறைந்த வட்டத்தில் கவிதைகள் மட்டுமா சேர்ந்திருக்கும்? கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கையில் சொல்லப்பட்டவையும், கடிதத்தின் ஓரத்தில் எழுதப்பட்டவையும் உண்டு. கடன், காதல், குடும்பத்துக் கலகம் ஆகியவை கேட்ட செவியோடு நிற்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் தனித்துச் சொல்வாராயின், அன்றே காக்க வல்லவரிடம் உரைக்க வேண்டும். இசைவு பெறக் காத்திருக்கவும் அங்கே காலமில்லை. அவர் சினந்து நட்பையே முறித்தாலும், முறிப்பதற்கு அவர் உயிரோடு இருப்பார்.

மறைந்த நண்பரின் கடிதங்கள் வேறு வகை. அவற்றை வெளியிடுவதால் அவருக்குத் தீரக்கூடிய துயர் எதுவும் இல்லை. தடுத்து ஒரு சொல் சொல்லவும் அவர் இல்லை. அச்சிடுமுன் அவற்றை ஒருமுறை, எழுதியவர் அருகிலிருந்து கேட்பதாக எண்ணி, உரக்கப் படித்துப் பார்ப்பது நல்லது. எந்த வரியில் குரல் தயங்குகிறதோ, அந்த வரி அச்சேற வேண்டியதில்லை.