யார் சொன்னது, யார் பக்கத்தில் இருந்தபோது?

பந்தலில் இடம் போதாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று இந்த மேடையில் பேசுவது வழக்கம். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் சமூக அறிவியல் ஆய்வுமுறைப் பாடம் நடத்தியவன். மாணவர்கள் அதிகம் தூங்கிய தாள் அது. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பாகவே ஏன் அதைப் போட்டார்கள் என்பது கால அட்டவணை போட்டவர்களுக்குத்தான் வெளிச்சம்.

வணிகவியலும் கணினி அறிவியலும் படித்தவர்கள் நமக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். நாளை உங்கள் திரையில் ஓர் அட்டவணை வரும். வருமானம், தொழில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டிருப்பார், யாரோ ஒருவர் பதில் சொல்லியிருப்பார். அந்த எண் சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், சொன்னவர் யார், சொன்னபோது பக்கத்தில் யார் இருந்தார் என்று பாருங்கள். நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்தது என்ன என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், ஏரி, குளம், தோப்பு, நஞ்சை, புஞ்சை, விளைச்சல் எல்லாம் அதில் உண்டு. களத்தில் குவிந்த நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, தலையாரிக்கும் வெட்டியானுக்கும் வண்ணாருக்கும் குயவருக்கும் எவ்வளவு என்ற பங்குகளும் உண்டு. பிற்காலத்தில், காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்தார். சென்னையில் இருக்கும் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜே.கே. பஜாஜும் எம்.டி. ஸ்ரீநிவாசும் அவற்றை விரிவாக ஆராய்ந்தார்கள். தன்னைத் தானே நடத்திக்கொண்ட ஒரு சமூகத்தின் சித்திரம் அவர்களுக்கு அதில் தெரிந்தது.

அந்தப் பங்கு விவரத்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த விவரத்தை முதலில் ஊர்க் கணக்கு ஓலையில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. அவருக்கு விவரம் சொன்னவர்கள் ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட காணியாட்சிக்காரர்கள், அதாவது மிராசுதார்கள். வெட்டியானுக்கு இத்தனை மரக்கால் என்று ஓலை சொல்லும். ஒரு வருடம் அவர் வேலைக்கு வர மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லக்கூடிய உத்திரமேரூர்க் கல்வெட்டும் அப்படித்தான். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ளவர் பெயரைத்தான் குடத்தில் இட முடியும் என்பதையும் அதே சுவர்தான் சொல்கிறது. சுவரில் வெட்டச் சொன்னது அந்தப் பிராமண ஊர்ச் சபையே. கல் என்பதால் தகவல் சொன்னவர் இல்லாமல் போய்விடுவதில்லை.

நூற்றிருபது ஆண்டுகள் தாண்டி 1891க்கு வாருங்கள். அப்போது செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஊர் அதே ஊர்தான், கலெக்டர் நின்று பார்த்த இடம்தான் வேறு. தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை நிற்கிற மனையும் மிராசுதாருடையது என்பதால், கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சேரியிலிருந்து பார்த்தபோது அதே காணியாட்சி உரிமைக்கு இப்படி ஒரு பக்கம் இருந்தது தெரிந்தது. அந்தக் குறிப்பைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையின் வழியாக அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் நாம் பஞ்சமி நிலம் என்று அழைக்கும் நிலங்கள். மாமல்லபுரம் போகும் வழியில் காரணை என்ற ஊரில் அந்த நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஆவணம் படிப்பது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் காரணைக்குப் போய் வரட்டும்.

இப்போது என் பாடத்தின் மையத்துக்கு வருகிறேன். 1960களிலும் 70களிலும் இரண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள் இதே செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் களப்பணி செய்தார்கள். ஒருவர் ஜோன் மென்சர், மற்றவர் மைக்கேல் மொஃபட். இருவரும் தலித் மக்களைப் பற்றி எழுதினார்கள். முடிவுகள் நேர் எதிர்.

மொஃபட்டின் நூல் 1979இல் வந்தது. எண்டாவூர் என்ற பெயரில் அவர் எழுதிய கிராமத்தில், ஊர்ப் பூசாரியும் ஊர் வண்ணாரும் சேரிக்கு வேலை செய்ய மாட்டார்கள். சேரி மக்கள் தங்களுக்கென்று பூசாரியாக வள்ளுவப் பண்டாரத்தையும் தனி வண்ணாரையும் வைத்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கும் கீழே சிலரை வைத்து, ஊர் தங்களை நடத்துவதுபோல அவர்களை நடத்தினார்கள். எந்த ஒழுங்கு அவர்களை வெளியே தள்ளியதோ, அதையே உள்ளே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே மேலே இருப்பவர்களின் மதிப்பீடுகளை அவர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றார் மொஃபட்.

மென்சர் 1974இலேயே ஒரு கட்டுரையில் சாதியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருந்தார். மேலிருந்து பார்த்தால் தூய்மை, தீட்டு, தர்மம் எல்லாம் தெரியும், அடியில் இருப்பவருக்குச் சாதி என்பது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது என்றார். யாரிடம் நிலம், யாரிடம் அதிகாரம் என்ற மொழியில்தான் அங்கே பேச்சு. வெளியில் காட்டும் பணிவை மனச் சம்மதம் என்று படிக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

ஒரே மாவட்டம், ஏறக்குறைய ஒரே காலம். யார் சொல்வது சரி? வகுப்பில் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "சார், அவரவர் பார்வை." எனக்குக் கோபம் வரும் பதில் இது ஒன்றுதான். அவரவர் பார்வை என்றால் ஆராய்ச்சி எதற்கு, வீட்டிலேயே இருந்துவிடலாமே.

மொஃபட் பார்த்தது பொய் இல்லை. சேரிக்கென்று தனிப் பூசாரி இருந்தார், தனி வண்ணார் இருந்தார். ஒன்றைச் செய்கிறார்கள் என்பதிலிருந்து அதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பதற்கு அவர் தாவுகிற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடியில் நாம் எல்லோரும் பணம் கட்டுகிறோம். ஃபாஸ்டேக் ஒட்டி, வரிசையில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் கட்டுகிறோம். இதைப் பார்த்து, செங்கல்பட்டு மக்களுக்குச் சுங்கக் கட்டணத்தில் ஆழ்ந்த நம்பிக்கை உண்டு என்று ஒரு வெளிநாட்டவர் எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

மென்சரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. காலையில் கூலியைப் பற்றிக் கசந்து பேசிய அதே மனிதர் மாலையில் மாரியம்மன் கரகத்துக்கு முன்னால் மனம் உருகி நிற்கிறார். இதில் ஒன்றை நிஜம், மற்றதை வேஷம் என்று நாம் எப்படிப் பிரிப்பது? அனுதாபத்தோடு கேட்கிறவருக்கு அவர் கேட்க விரும்புவதைச் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு.

இந்த மாதிரி இடத்தில் ஆய்வாளர் செய்ய வேண்டியது, இருவரில் ஒருவர் சரியாக இருந்தால் மட்டுமே நடக்கக்கூடியது எது என்று தேடுவது. விலகிப் போக வழி கிடைத்தபோது மக்கள் என்ன செய்தார்கள்? மறைமலைநகர் வரை தொழிற்சாலைகள் வந்தன. கட்டட வேலையும் சம்பள வேலையும் கிடைத்து, ஊர்க் கூலியை நம்பி இருக்க வேண்டாத தலைமுறை வந்தது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்ற மறுப்பு தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் எழுந்தது. உள்ளூரச் சம்மதித்தவர்கள் கதவு திறந்ததும் வெளியேற மாட்டார்கள். இந்தக் கணக்கில் மென்சர் பக்கம் எடை கூடுகிறது. ஆனால் தங்களுக்குக் கீழே ஒருவரை வைக்கும் வழக்கம் அதே வேகத்தில் போய்விடவில்லை. பட்டியல் சாதியினருக்கான பதினெட்டு சதவீத இடஒதுக்கீட்டுக்குள், அவர்களுக்குள்ளேயே கீழே வைக்கப்பட்ட அருந்ததியருக்கு மூன்று சதவீதம் உள் ஒதுக்கீடு வேண்டும் என்று 2009இல் சட்டம் போட வேண்டி வந்ததே, அந்த அளவுக்கு மொஃபட் பார்த்ததில் விஷயம் இருந்தது. முழு வெற்றி யாருக்கும் இல்லை. எந்தப் பகுதியில் எவர் சொன்னது நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. அவரவர் பார்வை என்று விட்டுவிடுவதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

களத்தில் எங்கே தங்கினோம் என்பதும் ஆய்வுமுறைதான். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் ஆய்வு செய்தபோது அக்ரகாரத்தில் குடியிருந்தார். அதனால் சேரிக்குள் இயல்பாகப் போய்ப் பழக முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். மைசூர் பக்கத்து ராம்புராவை மேல்சாதியினர் கண்களால்தான் அதிகம் பார்த்ததாக எம்.என். ஸ்ரீநிவாசும் ஒப்புக்கொண்டார். இருவரும் பெரிய ஆய்வாளர்கள். தாங்கள் நின்ற இடத்தைச் சொல்லிவிட்டதால் அவர்கள் புத்தகங்களின் மதிப்பு எனக்குக் கூடித்தான் இருக்கிறது. தங்கிய இடத்தைச் சொல்லாத புத்தகங்களைத்தான் நான் இரண்டு முறை படிப்பேன்.

மாணவர்கள் செய்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் கிராமத்தைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. அதில் ஓர் ஊர் இருவேல்பட்டு. இதே ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் விழுப்புரம் தாண்டி வரும். கணக்கெடுத்த மாணவர் அவ்வூரின் பெரிய நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை. தன் வீட்டு நிலத்தில் கட்டுண்டு உழைத்த படியாட்களைப் பற்றி வீட்டுப் பிள்ளையே கேட்டால் எப்படிப்பட்ட பதில் வந்திருக்கும்?

அந்த ஆய்வு அதோடு நிற்கவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள், அதே மென்சர்தான். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். படியாள் முறை மறைந்ததும், நிலக்கிழார் குடும்பங்களின் பிடி தளர்ந்ததும், விவசாயம் அல்லாத வேலைகள் பெருகியதும் இந்தத் தொடர்ச்சியால்தான் தெளிவாகத் தெரிந்தன. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று மறுபடியும் கேட்டதால் முதல் கணக்கின் சாய்வு என்ன என்பதும் பிடிபட்டது. உலகத்திலேயே இப்படித் தொண்ணூறு ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கிராமங்கள் அதிகம் இருக்காது.

சொன்னதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால், கருங்குழி பக்கத்தில் ஒரு கணக்கெடுப்பில் நான் கூடவே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். திண்ணையில் கணவர் உட்கார்ந்திருக்கிறார். கணக்கெடுக்கும் பெண், "உங்க வீட்டுக்காரம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்கிறார். "அது சும்மாதான் இருக்குது வீட்ல" என்கிறார் அவர். அந்த அம்மா அப்போது கரும்புத் தோகையைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்து, மாட்டுக்குப் போட எங்களைத் தாண்டித்தான் போனார். படிவத்தில் 92 என்ற எண் விழுந்தது. வீட்டு வேலை மட்டும் என்று அதற்குப் பொருள். தீவனம், விறகு சேர்ப்பதும் உண்டு என்றால் 93. கணக்கெடுத்தவர் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதற்குக் கிடைத்ததைத்தான் எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து மாட்டுக் கொட்டகையில் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசியபோது, இரண்டு மாட்டுப் பாலை ஊற்றுவது, கழனியில் களை எடுப்பது, ஏரி வேலைக்குப் போவது எல்லாம் வரிசையாக வந்தன. "இத யாரு கேட்டா?" என்றார். பெண்கள் வேலைக்குப் போவது குறைந்துவிட்டது என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம், எத்தனை பதில்கள் திண்ணையில் வாங்கியவை, எத்தனை கொட்டகையில் வாங்கியவை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

1931க்குப் பிறகு முதல் முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. உங்களில் சிலர் அதில் வேலை செய்வீர்கள், எல்லோரும் அதற்குப் பதில் சொல்வீர்கள். 1916இல் எண்ணப்பட்டவர்களின் கொள்ளுப் பேரன் பேத்திகள் இந்தப் பந்தலில் பட்டம் வாங்குகிறார்கள் என்பதால் கேட்கிறவர் யார் என்ற கேள்விக்கு இந்த முறை பதில் மாறலாம். மாறினாலும் சொல்கிறவரையும் பக்கத்தில் இருப்பவரையும் கவனிக்கும் வேலை குறையாது. நம் ஆள் கேட்டால் உண்மை தானாக வந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை.

ஒரு வேண்டுகோள். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் முதலில் சொந்த ஊரைப் பாருங்கள். படாளம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எதிரிலேயே இருக்கிறது. உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேடுகள் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் நகலோடு வந்து வீட்டில் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை ஊரின் அந்தக் கோடியில் இருப்பவர்களிடமும் போய்க் கேளுங்கள். காப்பகத்துக்குள் போகக் கல்லூரியின் சிபாரிசுக் கடிதம் கையில் இருந்தால் நல்லது. அதை உங்கள் துறைத் தலைவரிடம் இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நாளை முதல் நீங்கள் முன்னாள் மாணவர், திங்கட்கிழமை அவருக்கு அட்மிஷன் வேலை தொடங்கிவிடும்.